வாசற்படியில் நிற்பவர்களின் எழுத்து

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு
(ஆழ்வார்பேட்டையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பண்டிதரின் நினைவாகப் பேச அழைத்தபோது, அவருடைய பௌத்தம் பற்றியோ வரலாற்றுப் பார்வை பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவை பற்றி நம்மிடையே நல்ல நூல்கள் வந்துவிட்டன. இன்று நான் எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வி. பழைய வாழ்க்கை முடிந்துவிட்டது, புதிய வாழ்க்கை இன்னும் தொடங்கவில்லை என்ற இடைக்காலத்தில் ஒரு மனிதர் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்? அந்த நேரத்தில் எழுத்தும் சங்கமும் எப்படிக் கைகொடுக்கின்றன? இதற்குப் பண்டிதரின் வாழ்க்கையிலும் அவர் நடத்திய இதழிலும் பதில் இருக்கிறது. அந்த இதழ் வெளிவந்த ராயப்பேட்டை, நாம் கூடியிருக்கும் ஆழ்வார்பேட்டைக்கு அடுத்த பேட்டைதான்.

நிச்சயமின்மை எல்லோருக்கும் ஒன்றா?

வாழ்க்கை நிச்சயமற்றது என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வேலை போகலாம், உடல் கெடலாம், வேண்டியவர் இறந்துபோகலாம். உண்மைதான். ஆனால் இந்த நிச்சயமின்மை சமூகத்தில் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. தாத்தா கட்டிய வீட்டில் குடியிருப்பவருக்கும், கால்வாய் ஓரத்தில் நாற்பது ஆண்டு குடியிருந்தும் பட்டா இல்லாதவருக்கும் 'நாளை' என்ற சொல் ஒரே பொருளைத் தராது.

இந்த ஊரையே பாருங்கள். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டபோது, இருக்கும் இடத்திலேயே அடுக்குமாடி வீடு என்பதுதான் பெரிய வாக்குறுதி. 2000க்குப் பிறகு மக்கள் கண்ணகி நகருக்கும், அடுத்துச் செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோர மக்களின் இடப்பெயர்வு இன்னும் வேகமானது. 2021இல் வாரியத்தின் பெயர்தான் மாறியது. இங்கிருந்து அதிக தூரமில்லை, ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் வீடுகள் இடிக்கப்பட்டபோது, அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். வீடு போகிறது என்றால் சுவர் மட்டும் போவதில்லை. பிள்ளையின் பள்ளி, பெண்களின் வீட்டு வேலை, கடனுக்கு அரிசி தரும் கடை, சாவுக்கு வந்து நிற்கும் பக்கத்து வீடு எல்லாம் சேர்ந்து போகின்றன. மயிலாப்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலும் பாத்திரம் துலக்கிய பெண், இடம்பெயர்ந்த பிறகும் அதே வேலைக்கு விடியற்காலைப் பேருந்தில் வந்து நிற்கிறார்.

மாணவர்களின் நிலையும் இதுதான். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவருக்குப் படிப்பைவிட மற்ற கேள்விகள் கனமானவை. உதவித்தொகை எப்போது வரும்? விடுதியில் இடம் கிடைக்குமா? பெயரைச் சொன்னதும் அடுத்து ஊரைக் கேட்பவரிடம் என்ன சொல்வது? படித்து முடித்தபின் ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா?

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய நூலில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டினார். ஒருவருக்கு மட்டும் நேர்வது தனித்தொல்லை. ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி நேர்ந்தால் அது பொதுப் பிரச்சினை. ஆனால் பொதுப் பிரச்சினையை அனுபவிக்கும் ஆயிரம் பேரும் அதைத் தம் தனித்தொல்லை என்றே, பல நேரம் தம் குறை என்றே நம்பி, தனித்தனியாக உள்ளுக்குள் வைத்துப் புழுங்குகிறார்கள். அந்தப் புழுக்கத்தை உடைப்பதுதான் எழுத்தின் முதல் வேலை.

மூடியிருக்கும் மூன்றாம் கதவு

சமூகவியல் மாணவர்களுக்குப் பழக்கமான இன்னொரு பெயர் ஆர்னால்ட் வான் ஜென்னப். பிறப்பு, பூப்பு, திருமணம், இறப்பு போன்ற வாழ்க்கை மாற்றங்களுக்குச் சடங்குகள் ஏன் இருக்கின்றன என்று 1909இல் அவர் விளக்கினார். எந்த மாற்றத்துக்கும் மூன்று கட்டங்கள். முதலில் பழைய நிலையிலிருந்து பிரிதல். அடுத்து வாசற்படியில் நிற்றல். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கடைசியாகப் புதிய நிலையில் சமூகம் சேர்த்துக்கொள்ளுதல். வாசற்படியில் நிற்கும் நேரம்தான் ஆபத்தானது. அதனால்தான் அந்த நேரத்தில் ஆளைத் தனியே விடாமல் சுற்றம் கூடிவிடுகிறது.

இந்த விளக்கத்தைச் சாதிச் சமூகத்தில் பொருத்திப் பார்த்தால் ஓர் இடத்தில் இடறுகிறது. ஒடுக்கப்பட்டவருக்குப் பிரிதல் நடக்கிறது: ஊரை விட்டு வருகிறார், படிக்கிறார், பட்டம் வாங்குகிறார், மதம் மாறுகிறார். வாசற்படியில் நிற்பதும் நடக்கிறது. மூன்றாம் கட்டமான சேர்த்துக்கொள்ளுதல்தான் நடப்பதில்லை. பட்டம் வாங்கியவருக்கும் வாடகை வீடு கிடைப்பதில்லை. மதம் மாறியவருக்குக் கல்லறையிலும் தனிச் சுவர். சிலருக்கு ஒரு நாள் அனுபவமான வாசற்படி, நம்மில் பலருக்கு நிரந்தர முகவரியாகிவிடுகிறது.

அப்படியென்றால் மூன்றாம் கட்டத்தை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். நம் முன்னோர் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் கையிலிருந்த கருவிகள் இரண்டு: ஓர் அச்சு இதழ், ஒரு சங்கம்.

ராயப்பேட்டையிலிருந்து ஒரு புதன்கிழமை

அயோத்திதாசர் 1845இல் பிறந்தவர். தேடல் மிகுந்தவர். 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நடத்தினார். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கிக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தினார். அடுத்த ஆண்டு சென்னையில் மகாஜன சபைக் கூட்டத்தில், விஷ்ணு, சிவன் கோயில்களுக்குள் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். உங்களுக்கென்று மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்களே என்ற பொருளில் பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குப் பள்ளியும் எங்களுக்கு நிலமும் வேண்டும் என்று அவர் கேட்டார்.

அவர் பழைய சமயத்தை மனத்தளவில் விட்டுவிட்ட தருணம் அது. ஆனால் பௌத்தத்தை அவர் முறைப்படி ஏற்றது 1898இல்தான். கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1892க்கும் 1898க்கும் இடையில் ஆறு ஆண்டுகள். இந்த ஆறு ஆண்டுகளைப் பண்டிதரின் வாசற்படிக் காலம் என்று நான் வாசிக்கிறேன். அந்தக் காலத்தைத் தாண்டியபோது அவர் தனக்கு மட்டும் ஒரு புதிய வீடு பார்த்துக்கொள்ளவில்லை. பலரும் வந்து சேரக்கூடிய ஒரு சங்கத்தோடு திரும்பினார்.

1907 ஜூன் 19, புதன்கிழமை. 'ஒரு பைசாத் தமிழன்' முதல் இதழ் வெளிவந்தது. மறு ஆண்டு 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. வாரந்தோறும் வருவது நிற்கவில்லை. அந்த இதழை யார் வாசித்தார்கள் என்று பாருங்கள். வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர்கள். ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் கப்பல் ஏறியவர்கள். ஊரையும் சேரியையும் விட்டு வந்தவர்கள். புதிய இடத்தில் இன்னும் வேர் பிடிக்காதவர்கள். தங்கவயலில் மண்ணுக்கடியில் இறங்கியவர் மாலையில் திரும்பி மேலே வருவார் என்பதற்கே உறுதியில்லை. இவர்கள்தான் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்களை அமைத்தார்கள். ரங்கூனிலும் டர்பனிலும் கிளைகள் எழுந்தன.

இதழ் இவர்களுக்கு மூன்று வேலைகளைச் செய்தது. முதலாவது, பெயர் சொன்னது. நீங்கள் இழிந்தவர்கள் இல்லை, இந்த மண்ணின் பூர்வ பௌத்தர்கள் என்று ஒரு வரலாற்றை வாரந்தோறும் கட்டியெழுப்பியது. அந்த வரலாற்றின் ஒவ்வொரு கூற்றையும் இன்றைய ஆய்வாளர் ஏற்க வேண்டும் என்பதில்லை. நேற்று என்ற ஒன்று இல்லாதவருக்கு நாளையைப் பற்றி யோசிக்கத் தைரியம் வராது. அந்த நேற்றை அது கொடுத்தது. இரண்டாவது, பதில் சொன்னது. வாசகர் கேள்வி எழுதுவார். பண்டிதர் விளக்கம் எழுதுவார். எங்கோ ஒரு லயத்தில் உட்கார்ந்து கேள்வி எழுதியவருக்குத் தன் பெயரோடு பதில் அச்சில் வருவது எத்தகைய அங்கீகாரம் என்று நினைத்துப் பாருங்கள். மூன்றாவது, செயலாக்கியது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பௌத்தர் என்று பதியுங்கள் என்று பண்டிதர் வலியுறுத்தினார். அரசுப் படிவத்தின் ஒரு கட்டத்தில் தன்னைத் தானே பெயரிட்டு எழுதுவதும் எழுத்துதான்.

1914 மே 5இல் பண்டிதர் மறைந்தார். சில காலத்தில் இதழ் நின்றது. 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து அது மறுபடி வெளிவந்தது. எழுத்தாளர் வாசகர்களை உருவாக்கினார். அவர் போனபின் வாசகர்கள் எழுத்தைக் காப்பாற்றினார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைப் பொத்திப் பாதுகாத்ததால்தான், ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர முடிந்தது. இடையில் 85 ஆண்டுகள். பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாத காலம் முழுவதும், யாரோ சிலர் தங்கள் வீட்டு அலமாரியில் அந்தத் தாள்களை வைத்திருந்தார்கள்.

இருபத்தொரு ஆண்டுகள்

அடுத்து பாபாசாகேப். 1935 அக்டோபர் 13, இயோலா. இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்ற அறிவிப்பு. 1956 அக்டோபர் 14, நாக்பூர். பௌத்த ஏற்பு. இடையில் 21 ஆண்டுகள். பழைய வீட்டை விட்டுவிட்டேன் என்று உலகறியச் சொல்லிவிட்டு, புதிய வீடு எது என்று முடிவாகாமல் இத்தனை ஆண்டு நின்ற தலைவர் அரிது. சீக்கியமா, கிறித்தவமா, இஸ்லாமா என்று ஒவ்வொரு தரப்பும் கேட்டுக்கொண்டேயிருந்தது.

இந்த நிச்சயமின்மையை அவர் எப்படிக் கையாண்டார்? மறைக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. 1936 மே மாதம் பம்பாயில் தம் மக்களைக் கூட்டி மதமாற்றம் ஏன் தேவை என்று விரிவாகப் பேசினார். முடிவு தன்னுடையதாக மட்டும் இருக்கக்கூடாது என்பதில் தெளிவாக இருந்தார். அதே ஆண்டு லாகூரில் தலைமையுரை ஆற்ற அழைத்த சாதி ஒழிப்பு அமைப்பு, உரையைப் படித்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. மேடை இல்லாமல் போன அந்த உரையை அவர் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தது. 'சாதி ஒழிப்பு' நூல் பிறந்த கதை இது. கதவு மூடப்பட்டபோது அச்சகத்துக்குப் போனார் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர் அந்தக் காலத்தில் எழுதிய இன்னொரு சிறு பிரதி 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்'. 1990இல்தான் நூலாக வந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பின்னும் பரோடாவில் தங்க இடமின்றித் துரத்தப்பட்டது முதல், 1934இல் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் நேர்ந்த அவமானம் வரை சொந்த அனுபவங்கள் அதில் இருக்கின்றன. ஆனால் அவற்றோடு நிற்கவில்லை. மருத்துவம் மறுக்கப்பட்டு இறந்த ஒரு பெண்ணின் கதையும், கிராம அலுவலராகப் போய் விரட்டப்பட்ட ஓர் இளைஞரின் கதையும் அதே வரிசையில் வருகின்றன. தன் காயத்தைப் பிறர் காயத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் அதன் அமைப்பு. தனித்தொல்லையைப் பொதுப் பிரச்சினையாக மாற்றும் வேலை, மில்ஸ் அதற்குப் பெயர் வைப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே நடந்திருக்கிறது.

கருக்கின் இரு பக்கம்

நம் காலத்துக்கு வருவோம். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் தலித் எழுத்து புது வேகம் பெற்றது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. ஏழு ஆண்டுகள் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு வெளியேறியவர் அவர். ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்யலாம் என்று உள்ளே போய், அங்கும் சாதி இருப்பதைக் கண்டு வெளியே வந்தார். மடத்துக்குள்ளும் இடமில்லை; வெளி உலகமும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வேலை இல்லை. வாசற்படி என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்த நிலையில், ஊர் நினைவுகளை எழுது என்று ஒரு நண்பர் சொல்ல, எழுதினார். கால வரிசை பார்க்காமல், பேசுகிற மொழியிலேயே, பாட்டியும் பக்கத்து வீட்டாரும் பேசிய அதே சொற்களில் எழுதினார். பனங்கருக்கு இரண்டு பக்கமும் அறுக்கும். ஒரு பக்கம் எழுதியவரின் காயத்தைக் கீறித் திறந்தது. மறுபக்கம் வாசித்தவர்களின் மரத்துப்போன மனத்தைக் கீறியது. சொந்த ஊரிலேயே முதலில் கோபம் எழுந்தது. எங்களை இப்படி எழுதலாமா என்றார்கள். பிறகு அதே ஊர் அதைத் தன் புத்தகமாக ஏற்றுக்கொண்டது. 2000இல் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனது.

இந்தக் கோபத்தை நாம் லேசாகக் கடந்துவிடக் கூடாது. என் கதையை எழுதும்போது என் அம்மாவின், என் தெருவின் கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். அவர்களுக்கும் அதில் உரிமை உண்டு. சங்கம் என்பது கை தட்டும் கூட்டம் மட்டுமாக இருக்க முடியாது. கேள்வி கேட்கும் கூட்டமாகவும் இருக்க வேண்டும்.

எழுத்து எதைச் செய்யும், எதைச் செய்யாது

எழுதினால் மனம் ஆறுமா? இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். 1986இல் வெளியான ஆய்வில், கல்லூரி மாணவர்கள் 46 பேரை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். ஒரு பிரிவினர் ஏதோ சாதாரண விஷயத்தை எழுதினார்கள். மற்றவர்கள் தங்களைப் பாதித்த துயரத்தை எழுதினார்கள். நடந்ததையும் அதனால் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னர் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உண்டு, ஆனால் சிறியது, எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தது.

அந்த ஆய்வில் நமக்கு முக்கியமானது வேறொரு செய்தி. துயரத்தை எழுதியவர்களுக்கு எழுதி முடித்த உடனே மனம் லேசாகவில்லை, இன்னும் கனத்தது. நிம்மதி பிறகுதான் வந்தது. அப்படியானால் எழுதிய அன்று இரவு அவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு நோட்டில் எழுது, எல்லாம் சரியாகிவிடும் என்று இன்றைக்கு விற்கப்படும் அறிவுரையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பண்டிதரின் வழியில் இடம் இருந்தது. கேள்வி எழுதினால் பதில் வரும். மாரிக்குப்பத்தில் கூடி உட்கார ஒரு சங்கம் இருக்கும்.

எழுத்து பட்டா வாங்கித் தராது. இடிக்க வரும் இயந்திரத்தை நிறுத்தாது. அதற்குப் போராட்டமும் வழக்கும் வேண்டும். ஆனால் போராட்டத்துக்கும் வழக்குக்கும் சான்று வேண்டுமே. எந்தத் தேதியில் அறிவிப்பு ஒட்டினார்கள், யார் வந்து கணக்கெடுத்தார்கள், எந்த வாக்குறுதி கொடுத்தார்கள் என்று அன்றன்றைக்கு எழுதி வைத்த ஒரு நோட்டு, பத்து ஆண்டு கழித்து ஒரு தெருவின் ஒரே சாட்சியாக நிற்கும்.

என்ன செய்யலாம்?

செயல்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் சில யோசனைகள்.

விடுதியிலோ குடியிருப்பிலோ பத்துப் பேருக்கு மிகாத வட்டமாகத் தொடங்குங்கள். வாரம் ஒரே நாள், ஒரே நேரம். 'தமிழன்' புதன்கிழமை வந்ததுபோல, நிலையில்லாத வாழ்க்கையில் நிலையான ஒரு நாள் இருப்பதே பெரிய ஆதரவு.

நடந்ததை முதலில் எழுதுங்கள். தேதி, இடம், யார் பேசினார்கள், என்ன பேசினார்கள். பிறகு அது உங்களை என்ன செய்தது என்று எழுதுங்கள். வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். அதைத் திருத்துகிறேன் என்று யாரும் பேனாவை எடுக்க வேண்டாம்.

எழுதத் தெரியாதவரை விட்டுவிடாதீர்கள். அம்மா சொல்ல மகள் எழுதலாம். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, சரிதான் என்று அவர் சொன்னபின்தான் அது முழுமையாகும்.

வாசிக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் ஒருவர் இரண்டு வரியாவது எழுதிப் பதில் தர வேண்டும். பதில் கிடைக்காத எழுத்து மறுபடி தனிமைக்கே திரும்பிவிடும்.

வட்டத்தில் சொன்னது வட்டத்துக்குள். எழுதியவரும் எழுதப்பட்டவரும் சம்மதிக்காமல் எதையும் வெளியிடாதீர்கள். கைபேசியில் படம் எடுத்து அனுப்புவதும் வெளியிடுவதுதான்.

குடும்ப அட்டை, ஒதுக்கீட்டு ஆணை, இடிப்பு அறிவிப்பு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றின் நகலையும் இரண்டு இடங்களில் வையுங்கள். நாளைய அலாய்சியஸுக்கு இன்றைய அலமாரி நம்முடையதுதான்.

ஒருவருடைய எழுத்தில் வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் தெரிந்தால், அதை இலக்கியமாகப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். அவரோடு இருங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் 104 என்ற தமிழக அரசின் எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

தோழர்களே, பண்டிதர் 1892இல் கேட்ட கேள்விக்கு அந்த மண்டபத்தில் நியாயமான பதில் கிடைக்கவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து, பிறர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஓர் இதழை அவரே தொடங்கினார். நம்மைச் சேர்த்துக்கொள்ளாத கதவின் முன் எவ்வளவு காலம் நிற்பது என்பதை நாம் முடிவு செய்யலாம். கோலாரிலும் ரங்கூனிலும் இருந்தவர்கள் ஒரு பைசா கொடுத்து அந்த முடிவில் சேர்ந்துகொண்டார்கள். உங்கள் விடுதி அறையிலும் பெரும்பாக்கத்து மாடியிலும் அதைத் தொடர்வதற்கு ஒரு நோட்டும், எதிரே உட்கார்ந்து கேட்க ஓர் ஆளும் போதும். வருகிற வாரம் எந்த நாள் கூடுகிறோம் என்பதை இந்த அரங்கைவிட்டுக் கிளம்புவதற்கு முன் பேசி முடிவு செய்யுங்கள்.